பழைய கம்ப்யூட்டரைக் காட்டிக்கொடுக்கும் புது அப்டேட்

2026 அக்டோபர் 13-ம் தேதி பற்றி விருத்தாசலம் பக்கமிருந்து வந்திருக்கும் கடிதங்களில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டும் சிறு வணிகர்கள் ஜூலை–செப்டம்பர் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் அது. விண்டோஸ் 10 ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் நிற்கும் நாளும் அதுதான். செராமிக் பட்டறை வைத்திருப்பவர் வீட்டில் பில் போடுவது, பேங்க் பார்ப்பது, பிள்ளை படிப்பது எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில் என்றால் குழப்பம் இயல்பு. அதுவும் கொலு பொம்மைக்கும் கார்த்திகை அகலுக்கும் ஆர்டர் குவிகிற நேரம். ஜிஎஸ்டியை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். விண்டோஸ் 10 விவகாரம் உண்மையில் 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது. இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஓராண்டு நீட்டிப்பு. அதற்கு மைக்ரோசாப்ட் ‘விரிவாக்கப்பட்ட பாதுகாப்பு’ என்று பெரிய பெயர் வைத்திருக்கிறது. பழைய அப்டேட்தான், நிபந்தனை மட்டும் புதிது. அதுவும் பெயர் பதிந்தவர்களுக்கே வரும். பதியாமல் விட்டவர்கள் “இத்தனை மாதமாக ஒன்றும் ஆகவில்லையே, அப்படியே ஓட்டினால் என்ன?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் அப்டேட் என்ற ஏற்பாட்டின் உள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாப்ட் பேட்ச் வெளியிடுகிறது. பேட்ச் என்பது ஓட்டையை அடைப்பது மட்டுமல்ல, ஓட்டை எங்கே இருந்தது என்பதை ஊரறியச் சொல்லிவிடுவதும்கூட. நேற்றைய கோப்பையும் இன்றைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த வரிகள் மாறின என்று பார்ப்பது, தெரிந்தவர்களுக்குச் சில மணி நேர வேலை. மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். விண்டோஸ் 10, 11 இரண்டும் பெருமளவு ஒரே நிரலிலிருந்து வந்தவை. ஒரே பிளாஸ்டர் அச்சில் வார்த்த பொம்மைகளில் ஒன்றுக்குக் கழுத்தில் கீறல் என்றால், மற்றவற்றிலும் எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்று பட்டறையில் எவருக்கும் தெரியும். ஆகவே பேட்ச் வராத கம்ப்யூட்டர் இருந்த நிலையிலேயே இருப்பதில்லை; அடுத்தவர் கம்ப்யூட்டருக்குப் பேட்ச் வரும் ஒவ்வொரு மாதமும் அதன் பலவீனம் கொஞ்சம் கொஞ்சமாக அம்பலமாகிறது.

இது கற்பனைப் பயம் அல்ல. 2003 ஜூலை 16 அன்று மைக்ரோசாப்ட் ஒரு பேட்ச் வெளியிட்டது. அதைப் பிரித்துப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடித்தது சீனாவிலிருந்த ஆய்வுக் குழு ஒன்று. ஆகஸ்ட் 11-க்குள் ‘பிளாஸ்டர்’ என்ற புழு உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைத் தானாக ரீஸ்டார்ட் ஆக வைத்துக்கொண்டிருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. “என் கம்ப்யூட்டரில் என்ன புதையலா இருக்கிறது, யார் தேடி வரப்போகிறார்கள்?” என்பவர்களுக்கும் இதிலேயே பதில் உண்டு: புழு ஆளைப் பார்த்து வருவதில்லை, கதவைத்தான் தட்டிப் பார்க்கிறது. “ஆன்டிவைரஸ் இருக்கிறது, விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு 2028 வரை அப்டேட் தருவதாக மைக்ரோசாப்டே சொல்கிறதே” என்பது இன்னொரு வாதம். சொல்கிறது, உண்மைதான். ஆனால் ஆன்டிவைரஸ், வந்தவனை அடையாளம் பார்க்கும். உடைந்த தாழ்ப்பாளைச் சரிசெய்யாது. விஷயம் தெரிந்த சிலர் வான்னாக்ரை என்ற இன்னொரு புழுவைக் காட்டுகிறார்கள்: 2017 மே மாதம் அது தாக்கியபோது சிக்கியவற்றில் பெரும்பாலானவை பழைய எக்ஸ்பி அல்ல, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. ஆமாம், ஆனால் அதற்கான பேட்ச் மார்ச் 14-லேயே வந்துவிட்டது, போடத்தான் ஆளில்லை. வயது அல்ல, பேட்ச் இருக்கிறதா என்பதே கணக்கு என்றுதான் அந்தச் சம்பவமும் சொல்கிறது.

என்னை உறுத்துவது வேறு. அக்டோபர் 13-க்குப் பிறகு விண்டோஸ் 10-க்கான பேட்ச் எழுதப்படாமல் போகாது. காசு கட்டும் நிறுவனங்களுக்கு 2028 அக்டோபர் வரை அது மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருக்கும். முதல் வருடம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், பிறகு வருடத்துக்கு வருடம் இரட்டிப்பு. அதாவது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மருந்து கிடையாது, நோய் எங்கே என்ற விவரம் மட்டும் வெளியில் வந்துகொண்டே இருக்கும். 2015-ல் வந்த பொருளை எத்தனை காலம்தான் இலவசமாகத் தாங்குவது என்று நிறுவனத்தின் பக்கமும் நின்று கேட்கலாம். ஆனால் பேட்ச் எழுதும் செலவைத்தான் காசு கட்டும் நிறுவனங்கள் கொடுத்துவிடுகின்றனவே. எழுதி முடித்ததை வீட்டுக்கும் அனுப்புவதில் பெரிய செலவு இருப்பதாகத் தெரியவில்லை. இந்த ஓராண்டு நீட்டிப்புக்கே நமக்கு மூன்று வழிகள்: செட்டிங்ஸை அவர்கள் சர்வரோடு சிங்க் செய், அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி கொடு, அல்லது 30 டாலருக்குச் சமமான தொகை கட்டு. எந்த வழியானாலும் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கட்டாயம். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்துக் கேட்டதும், சிங்க் நிபந்தனை இல்லாமலே அங்கே இலவசம் என்றாகிவிட்டது. தொழில்நுட்பக் கட்டாயமாக இருந்தால் கடல் தாண்டியதும் கரைந்திருக்குமா?

அதற்காக வீம்பு பிடித்துப் பதியாமல் இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. 22எச்2 பதிப்பாக இருந்தால் செட்டிங்ஸ், ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’, விண்டோஸ் அப்டேட் என்று போனால் ‘என்ரோல் நவ்’ தெரியும். தாமதமாகப் பதிந்தாலும் விட்டுப்போன அப்டேட்கள் சேர்ந்து வந்துவிடும். ஒரு அக்கவுண்டில் 10 கம்ப்யூட்டர் வரை பதியலாம். முதல் வழி கேட்பது செட்டிங்ஸ் சிங்க் மட்டும்தான். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ் கோப்புகளை ஒன்டிரைவில் ஏற்றச் சொல்லும் பொத்தானை அணைத்துவிடுங்கள். இலவச இடம் வெறும் 5 ஜிபி. கணக்கு எழுதும் டேலியின் பேக்கப்பும் பொம்மைப் படங்களும் அதை நிரப்பியதும் ‘கூடுதல் இடம் வாங்குங்கள்’ என்ற நச்சரிப்பு ஆரம்பிக்கும். அக்டோபர் 13 தாண்டிய பிறகு விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் பேங்க் வேலை வேண்டாம்.

மற்றக் கேள்விகள்.

விண்டோஸ் 11 போடலாமா? இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் இருந்தால் இலவசமாகவே போடலாம்.

லினக்ஸ்? பிரவுசர் வேலைக்குத் தாராளமாக. டேலிதான் அதில் நேரடியாக ஓடாது.

அரசு தரும் இலவசக் கருவி? மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திராவில் வைரஸ் நீக்கும் கருவிகள் உண்டு. பேட்ச்சுக்கு அவை ஈடாகாது.

சந்தேகமான கோப்பை வைரஸ்டோட்டலில் பார்க்கலாமா? பார்க்கலாம், ஏற்றியது மற்றவர் கைக்கும் போகும் என்பதால் பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டாம்.

பணம் போய்விட்டால்? உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.