பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு தாள்

ரிமோட் லாரி கத்த ஆரம்பித்தால் எல்லாரும் முதலில் தேடுவது கிரீஸ் டப்பாவை. பூசியதும் சத்தம் கொஞ்சம் அடங்கும். பிறகு கோவளம் மணலில் நாலு சுற்று ஓட்டினால் போதும், மணல் துகள் கிரீஸில் ஒட்டி, பற்களை அரைக்கும் பசையாகிவிடும். கியர் சத்தத்தில் உராய்வைவிட இடிதான் அதிகம். இடிக்கு மருந்து கிரீஸ் அல்ல.

மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன கியர், பினியன். அதற்கு 20 பல், மோட்டாருக்கு நிமிடத்துக்கு 15,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 250 சுற்று, 5,000 பல் சந்திப்பு. ஆகவே 5,000 ஹெர்ட்ஸில் ஒரு கீச்சு. நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில்தான்! சுமை ஏறும்போது பல் மயிரிழை வளைகிறது. அடுத்த பல் வரவேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னதாகவே வந்து மோதுகிறது. பற்கள் நெருக்கமாக இருந்தால் ஓயாத ஊளை, சூடு. தள்ளி இருந்தால் வேகம் மாறும்போதெல்லாம் கடகடப்பு.

பழக்கப்பட்டவர்கள் செய்வது எளிது. நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு துண்டு கிழித்து, பினியனுக்கும் பெரிய கியருக்கும் நடுவே சொருகி, மோட்டாரை அழுத்திப் பிடித்தபடி ஸ்க்ரூவை முடுக்குவார்கள். கியரைக் கையால் உருட்டினால் தாள் வெளியே வரும். மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. தாள் விட்டுப்போன இடைவெளியே போதுமானது. பெரிய கியர் கொஞ்சம் கோணலாக இருந்தால் ஒரு பக்கம் இறுக்கும், மறுபக்கம் ஆடும்; இறுக்கமான இடத்தில் வைத்து அளப்பதே புத்திசாலித்தனம். பேரிங் ஆடினால் எந்த அளவும் நிற்காது. வண்டி நகராமல் மெல்லிய விசில் மட்டும் வந்தால் கியரைத் திட்ட வேண்டாம். மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையின் வேலை அது.

நேர்ப் பல்லுக்குப் பதில் சாய்வுப் பல் வைத்தால் மோதல் மெதுவாகத் தொடங்கும், சத்தம் குறையும். பல கார்களில் முன்செல்லும் கியர்களுக்குச் சாய்வுப் பல். ரிவர்ஸுக்கு நேர்ப் பல். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கார் முனகுவதன் காரணம் புரிகிறதா?

சத்தத்தைப் பற்றிய இந்த அக்கறை திருவனந்தபுரத்தில் பொம்மை வண்டியோடு நிற்பதில்லை. வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் நிலைமப் பொறியமைப்புப் பிரிவு, செயற்கைக்கோளைத் திருப்பும் சுழல்சக்கரங்களையும் சூரியத் தகடுகளைச் சுழற்றும் இயக்கிகளையும் உருவாக்குகிறது. காற்றில்லா வெளியில் சத்தம் கேட்காது. ஆனால் அதிர்வு உலோகத்தின் வழியே கேமராவரை போகும், படம் கலங்கும். சாதாரண கிரீஸ் அங்கே ஆவியாகிவிடும் என்பதால் மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற உலர் மசகுகளும் தேவைப்படுகின்றன.

ஓடும் வண்டி எழுப்பும் அதிர்வுக்கு நிலவில் அளவீடே இருக்கிறது. சந்திரயான் 3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. நொடிக்கு 1 சென்டிமீட்டர் ஊர்ந்த அதன் 26 கிலோ உலாவி பிரக்யான், நமக்குத் தெரிந்ததிலேயே மிகத் தொலைவில் ஓடிய இந்திய ரிமோட் வண்டி. ஆகஸ்ட் 25-இல் அது நகர்ந்த அதிர்வை, தரையிறங்கு கலமான விக்ரம் நிலத்தில் வைத்த ‘இல்சா’ கருவி மண் வழியே பதிவு செய்தது. சுமார் 190 மணி நேரத்தில் இல்சா பதித்த 250-க்கு மேற்பட்ட அதிர்வுகளில் ஏறத்தாழ 200, பிரக்யானின் நகர்வோ கருவிகளின் இயக்கமோ எழுப்பியவை. அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சிய ஐம்பது சொச்சம்தான் நிலவுக்கே சொந்தமானவையா என்று ஆராயப்படுகின்றன.