வெளியில் சாப்பிடுதல்: பரிஸின் பிறநாட்டு உணவகங்கள் பற்றிச் சில குறிப்புகள்

பரிஸுக்கு வந்து பதினொரு வருடங்களாக நான் ஒரு றெஸ்ரோரன்றுக்குள் முன்வாசலால் போனதில்லை. பின்வாசலால் போனதற்குக் கணக்கில்லை. 1989இல் வந்து மூன்றாம் மாதமே ஒரு பிரசெரியின் நிலக்கீழ்க் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கிவிட்டேன். அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கு அப்போது வேலை செய்யும் உரிமை இருந்தது. 1991 செப்ரெம்பரில் வந்த ஒரு சுற்றறிக்கை அதை எடுத்துவிட்டது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் அதே கோப்பைகளைக் களவாகக் கழுவ வேண்டியதாயிற்று.

2000ஆம் ஆண்டு மகளுக்கு ஏழு வயது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது 'கூஸ்கூஸ்' என்றாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டில் அதைச் சாப்பிட்டுப் பழகியிருந்தாள். பெல்வில் பகுதியில் அல்ஜீரியக் கபீலியர் ஒருவர் நடத்திய சிறிய கடைக்கு மூவரும் போனோம். சாப்பிட்டு முடிந்ததும் என் கை தன்பாட்டில் வேலை செய்தது. மிச்சங்களை ஒரு கோப்பைக்கு வழித்து, பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கி, கத்தி முள்ளுகளை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன். கடைக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். "எந்த றெஸ்ரோரன்றில் வேலை?" என்று கேட்டார்.

பிறகு புதினாத் தேநீரைக் கொண்டுவந்து எங்களோடு இருந்து கதைத்தார். அவருடைய தகப்பனும் இதே நகரத்தில் ஒரு கஃபே வைத்திருந்தவராம். 1961இல் பின்னேரம் ஏழு மணிக்கு அதைப் பூட்டச் சொல்லிப் பொலிஸ் உத்தரவிட்டதாம். ஏன் என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையையும், அதைத் தொடர்ந்து இந்த நகரத்தின் உணவகங்களைப் பற்றி நான் தேடி அறிந்ததையும், அவை எம்மைப் பற்றி எழுப்பும் சில கேள்விகளையும் இங்கு எழுத முயல்கிறேன்.

1

'றெஸ்ரோரன்ற்' என்ற சொல் முதலில் ஓர் இடத்தைக் குறிக்கவில்லை. உடலைத் தேற்றும் இறைச்சிச் சாற்றையே குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சாற்றை விற்ற பரிஸ் கடைகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. தனி மேசை, விலை எழுதிய அட்டை, விரும்பியதைத் தெரிவுசெய்யும் வசதி ஆகியவை இக்கடைகளோடு பரவின. 1789 புரட்சிக்குப் பிறகு இவை பெருகின. பணம் இருந்தால் யாரும் மேசையில் அமரலாம் என்பதே அவற்றின் புதுமை. அந்த 'இருந்தால்' என்ற சொல்லையும் நாம் கவனிக்க வேண்டும்.

பரிஸுக்கு முதலில் வந்த 'வெளியார்' சாப்பாடு கடல் கடந்து வந்ததல்ல, பிரான்சின் மாகாணங்களிலிருந்து வந்தது. ஓவெர்ஞ் மலைப்பகுதியிலிருந்து தண்ணீர் சுமக்கவும் கரி விற்கவும் வந்த ஏழைகள், கரிக்கடையின் ஓர் ஓரத்தில் வைனும் விற்றார்கள். பரிஸின் கஃபேக்களில் கணிசமானவை அப்படி உருவானவை. பிரெத்தோன் மக்கள் ரயிலில் வந்து இறங்கிய மொன்பர்னாஸ் நிலையத்தைச் சுற்றி இன்றும் அவர்களுடைய கிறெப் கடைகளே நிறைந்திருக்கின்றன. 1871இல் அல்சாஸ் ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டபோது ஜேர்மன் ஆட்சியின் கீழ் வாழ விரும்பாத பலர் பரிஸுக்கு வந்தார்கள். பியரும் புளித்த கோவாவும் பன்றி இறைச்சியும் அவர்களோடு வந்தன. சன் ஜேர்மன் வீதியில் புகழ்பெற்ற பிரசெரி லிப், 1880இல் லெயோனார் லிப் என்ற அல்சாஸ்காரரால் தொடங்கப்பட்டது.

'அசல் பிரெஞ்சுச் சாப்பாடு' என்று நினைத்து நான் வருடக்கணக்காக வழித்துக் கொட்டிய சூக்ரூத், ஊர்விட்டு வந்தவர்களின் சாப்பாடு என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

2

கபீலியருடைய கதைக்கு வருவோம். அல்ஜீரியத் தொழிலாளர்கள் பிரெஞ்சுத் தொழிற்சாலைகளுக்கு வந்த காலத்தில் அவர்களுக்கு வீடு கிடைப்பது அரிது. கீழே கஃபே, மேலே பலர் பங்குபோட்டுப் படுக்கும் அறைகள் என்ற 'கஃபே-ஹோட்டல்'கள் உருவாகின. கடிதம் வருவது, கடன் வாங்குவது, வேலை விசாரிப்பது, அரசியல் கதைப்பது எல்லாம் அங்கேதான். விடுதலைப் போராட்டத்திற்கான நிதி சேர்ப்பும் அங்கே நடந்தது. ஆகவே 1961 ஒக்ரோபர் 5 அன்று, பொலிஸ் தலைவர் மொறிஸ் பாப்போன் அல்ஜீரியர் இரவு எட்டரைக்குப் பின் வெளியில் நடமாடக்கூடாது என்று அறிவித்தபோது, அவர்கள் கூடும் கடைகள் ஏழு மணிக்கே பூட்டப்பட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். அதை எதிர்த்து ஒக்ரோபர் 17 அன்று ஊர்வலம் போனவர்களில் பலர் பொலிசாரால் கொல்லப்பட்டனர். செய்ன் நதியில் வீசப்பட்டவர்களும் உண்டு.

1962இல் அல்ஜீரியா விடுதலையடைந்தது. அங்கிருந்த ஐரோப்பியக் குடியேறிகளும் யூதர்களும் இலட்சக்கணக்கில் பிரான்சுக்கு வந்தார்கள். ஒருவரை ஒருவர் எதிரியாகக் கண்ட இரு சாராரும் ஒரே சாப்பாட்டை இங்கே விற்றார்கள். இன்று கூஸ்கூஸ் பிரெஞ்சுக்காரர் மிக விரும்பும் உணவுகளில் ஒன்று. ஆட்டிறைச்சி, கோழி, மெர்கேஸ் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடும் 'கூஸ்கூஸ் ரொயல்' மக்ரெப் வீடுகளில் இல்லாத ஒன்று. பிரான்சின் உணவகங்களில் பிறந்த அது, வாடிக்கையாளருக்காகக் கட்டப்பட்ட கோப்பை.

இந்தோசீனாவின் கதையும் இதுபோன்றதே. 1954 தோல்வியோடு ஒரு தொகுதியினர் வந்தார்கள். 1975க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றிலிருந்தும் பெரும் தொகையினர் வந்தார்கள். அவர்களில் பலர் அந்நாடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர். பதின்மூன்றாம் வட்டாரத்தில் நடுத்தர வர்க்கப் பிரெஞ்சுக் குடும்பங்களுக்கென எழுப்பிய உயர்மாடிக் கட்டடங்களுக்கு அக்குடும்பங்கள் வரவில்லை. காலியாகக் கிடந்த வீடுகளுக்கு அகதிகள் வந்தார்கள். இன்று 'சீன நகரம்' என்று உல்லாசப் பயணிகள் பார்க்கப் போகும் அவெனியூ திவ்றியும் அவெனியூ து சுவாசியும் அப்படித்தான் உருவாகின. அங்கே குடிக்கும் ஃபோ சூப்பிலும் காலனியம் இருக்கிறது. வியட்நாமில் மாட்டிறைச்சி பரவலானது பிரெஞ்சுக்காரர் போன பிறகுதான்.

3

பரிஸில் கடைப் பலகையை நம்பக்கூடாது. துருக்கியரும் குர்திஷ் மக்களும் விற்கும் கெபாப்பை நகரத்தார் 'கிரேக்கன்' என்கிறார்கள். சென் ஆன் வீதிக்கு வெளியே இருக்கும் 'ஜப்பானிய' உணவகங்களில் பெரும்பாலானவற்றைச் சீனர்களே நடத்துகிறார்கள். 'இந்திய' உணவகங்களை நடத்துபவர்கள் பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், பாண்டிச்சேரிக்காரர், எம்மவர்.

ஏன் இப்படி? விடை எளிது. கையில் முதல் குறைவு, வாடகை அதிகம், கடனைத் திருப்ப வேண்டும். புதிய சாப்பாட்டைப் பழக்கி எடுக்க ஓர் அகதிக்கு அவகாசம் இல்லை. வாடிக்கையாளர் ஏற்கெனவே அறிந்த பெயர்தான் அவருக்குக் காப்புறுதி. 'இந்தியா' என்றால் தாஜ்மஹால், தந்தூரி, கொஞ்சம் சிதார். 'யாழ்ப்பாணம்' என்றால் யாருக்குத் தெரியும்? எனவே சுன்னாகத்தில் பிறந்தவர் பஞ்சாபிச் சாப்பாட்டை ஒரு வங்காளியிடம் பழகிப் பிரெஞ்சுக்காரருக்கு விற்கிறார். நாணுக்குள் சீஸ் வைத்துச் சுடும் 'நான் ஃபுறோமாஜ்' இந்தச் சந்திப்பின் பிள்ளை. பரிஸில் அது இல்லாத இந்தியக் கடையே இல்லை எனலாம்.

இதைக் கண்டு எம் நண்பர்கள் சிலர் முகம் சுழிப்பதுண்டு. 'அசல்' கெட்டுவிட்டதாம். எது அசல்? மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயரோடு வந்தது. எங்கள் 'பாண்' போர்த்துக்கேயச் சொல். 'குசினி'யும் அப்படியே. பிரெஞ்சுக்காரரின் 'குய்சின்' அதன் ஒன்றுவிட்ட சகோதரம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் எனக்கு விளங்கிய இரண்டே பிரெஞ்சுச் சொற்கள் இவை இரண்டும்தான். கலப்பைப் பற்றிக் கவலைப்பட எனக்கு எதுவும் இல்லை. என் கவலை பலகைக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றியது.

4

பெரிய பிரெஞ்சுக் குசினி ஓர் இராணுவம். அதன் அதிகாரப் படிநிலையை ஒழுங்குபடுத்திய எஸ்கோஃபியே இராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். மேலே ஷெஃப், கீழே உதவியாளர்கள், எல்லோருக்கும் கீழே கோப்பை கழுவும் 'பிளோன்ஜர்'. ஜோர்ஜ் ஓர்வெல் 1929இல் பரிஸ் ஹோட்டல் ஒன்றில் இந்த வேலை செய்து, 1933இல் அதைப் புத்தகமாக எழுதினார். ஓர்வெல் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது.

அல்சாஸ், இத்தாலி, ஜப்பான் என்று மேசையில் எந்த நாடு இருந்தாலும் கழுவும் தொட்டியில் நிற்பவர் மாலியராக, தமிழராக, வங்காளியாக இருப்பார். 2008 ஏப்ரலில் பரிஸ் பகுதியின் உணவகத் தொழிலாளர் பலர், சே.ஜே.தே தொழிற்சங்கத்தின் துணையோடு வேலைத்தலங்களிலேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத் துண்டும் வரி கட்டிய பத்திரமும் இருந்தும் விசா இல்லாதவர்கள் அவர்கள். பெரும்பாலோர் மேற்கு ஆபிரிக்கர். நானறிய எம்மவர் மிகச் சிலரே அதில் நின்றார்கள். 'காட்டிக்கொடுத்துவிடுவார்கள்' என்ற பயம் ஒரு காரணம். 'காப்பிலிகளோடு எங்களுக்கென்ன' என்று சொன்னவர்களும் இருந்தார்கள், என் காதாலேயே கேட்டேன். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் உணவகங்கள் ஒரே இரவில் பூட்டப்பட்டபோது, பதிவில் இல்லாதவர்களுக்கு உதவித்தொகையும் இல்லை. 2024 ஜனவரிச் சட்டம் ஆள் தட்டுப்பாடுள்ள தொழில்களில் இருப்பவர்களுக்கு ஒரு வழி திறந்தது. மூன்று வருட வசிப்பும், கடைசி இரண்டு வருடங்களில் பன்னிரண்டு மாத வேலையும் காட்ட வேண்டும். காட்டினாலும் முடிவு மாவட்ட நிர்வாகத்தின் கையில்.

பிறருடைய சாப்பாட்டை விரும்பினால் பிறரையும் விரும்புவார்கள் என்பது ஒரு இனிய மூடநம்பிக்கை. 2017 செப்ரெம்பரில் தேசிய முன்னணியின் தலைவர்களில் ஒருவர் கூஸ்கூஸ் சாப்பிட்ட படம் வெளியானபோது அவருடைய ஆதரவாளர்கள் கொதித்தார்கள். அவர்கள் கொள்கையில் உறுதியானவர்கள்! பெரும்பாலானோர் கூஸ்கூஸையும் சாப்பிட்டு, அக்கட்சிக்கும் வாக்களிக்கிறார்கள்.

5

இனி எம் பக்கம். ஒரு மேசையில் அமரும் உரிமைக்காக எங்கள் ஊரிலும் அடிபட்டார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் திறக்கவில்லை. வெளியில் நிற்க வேண்டும், தனிப் பேணியிலோ போத்தலிலோ குடிக்க வேண்டும். தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. 1966 ஒக்ரோபர் 21 எழுச்சிக்கும் 1968 மாவிட்டபுரத்துக்கும் பின்னரே நிலைமை மெல்ல அசைந்தது. பரிஸில் 1789க்குப் பின் காசு மட்டும் போதுமாக இருந்தது. எங்களிடம் காசும் போதவில்லை.

அந்தப் பிரசெரியில் என்னோடு கழுவியவர் எங்கள் பக்கத்து ஊரவர். வேலை முடிந்து இரவு பன்னிரண்டு மணிக்கு இருவரும் ஒரே தட்டத்திலிருந்து மிஞ்சியதைச் சாப்பிடுவோம். ஆறு மாதம் கழிந்து ஒருநாள் சொன்னார்: "உங்கட வீட்டுக்கு நான் சின்னனில வந்திருக்கிறன் அண்ணை. ஐயாவோட விறகு கொத்த. அம்மா சிரட்டையிலதான் தண்ணி வார்த்தவ." அம்மாவைக் குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார். என்னால் அன்று எதுவும் பேச முடியவில்லை. அதற்குப் பின்னும் அவரிடம் சரியான பதில் எதையும் நான் சொன்னதில்லை. லா சப்பலில் இன்று எம்மவர் கடைகளில் யாரும் யாருக்கும் பக்கத்தில் இருந்து சாப்பிடலாம். ஆனால் 'ஊரில எந்தப் பக்கம்?' என்ற கேள்வி பிளேன்ரீயோடு சேர்ந்தே வருகிறது.

மகள் முப்பதைக் கடந்துவிட்டாள். போன வருடம் எங்களை ஓர் எதியோப்பிய உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். 1974க்குப் பின் அங்கிருந்து ஓடி வந்தவர்களின் சாப்பாடு அது. ஒரே பெரிய தட்டில் எங்கள் அப்பம்போல் புளித்த இஞ்செரா விரித்து, அதன்மேல் கறிகள். எல்லோரும் அதே தட்டில் கையால் சாப்பிட வேண்டும். என் பழைய நண்பரையும் அழைத்திருந்தேன். வந்தார். கனநேரம் ஊர்க்கதைதான் கதைத்தோம்.

முடிந்ததும் என் கை மறுபடி கோப்பை அடுக்கப் போனது. என் துணைவி பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னிரண்டு வருசம் கூலிக்குக் கழுவினீங்கள். வீட்டில எத்தனை நாள் கழுவியிருப்பீங்கள்?" என்று கேட்டார். 2000இல் பெல்வில்லில் சாப்பிட்ட நாளைப் பற்றி அவர் நினைவு வைத்திருப்பது கூஸ்கூஸின் ருசியை அல்ல. பரிஸுக்கு வந்தபின் அவர் சமைக்காமலும் கழுவாமலும் படுத்த முதல் இரவு அதுதான். சாதியும் காலனியமும் பற்றி நாம் விடியவிடிய விவாதிக்கும் எமது கூட்டங்களின் முடிவில், குசினியில் யார் நிற்கிறார்கள் என்பதையும் இந்தக் குறிப்புகளோடு சேர்த்து வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.