ஈசல் கிளம்பும் மாலை

மதுரை ஆனையூர் கண்மாய்க் கரையில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், பொழுது சாயும் நேரம். வேலிக்கருவை தூரிலிருந்த புற்றில் கறையான்கள் உள்ளிருந்தே மண்ணைத் துளைத்து, கீற்றுக் கீற்றாக வாசல் திறந்துவிட்டிருந்தன. வளைந்த தாடையோடு காவல் கறையான்கள் வாசலோரம் வந்து நின்றன. அப்புறம் ஈசல். ஒன்று, பத்து, பிறகு எண்ணவே முடியவில்லை.

மின்கம்பியில் இருந்த கரிச்சான் பாய்ந்து பிடித்தது. மைனாக்கள் வாசலிலேயே நின்று கொத்தின. பெண்மயில் ஒன்று குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஈசலுக்குக் கடிக்கத் தெரியாது, கொட்டத் தெரியாது, உடம்பெல்லாம் கொழுப்பு. அதற்கிருக்கும் ஒரே காப்பு, சுற்றுவட்டாரப் புற்றுகள் பலவும் ஒரே வேளையில் கிளம்புவதுதான். தின்கிறவர்களுக்கு வயிறு நிறைந்துவிடும், மிஞ்சியவை தப்பிக்கும்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் இதையே சிள்வண்டு செய்கிறது. 13 அல்லது 17 வருஷம் மண்ணுக்குள் இருந்துவிட்டு, சில இடங்களில் ஏக்கருக்கு 15 லட்சம் வரை மேலே வரும். அங்கே விருந்தாளி காட்டு வான்கோழி. நம் மயிலும் வான்கோழியும் ஒரே பறவைக் குடும்பம். வான்கோழிக் குஞ்சு வளர முதல் சில வாரங்களுக்குப் பூச்சிதான் வேண்டும். ஆனால் 17 வருஷத்துக்கு ஒருமுறை வரும் விருந்தை நம்பி எந்தப் பறவையும் இனத்தைப் பெருக்கி வைத்திருக்க முடியாது. சிள்வண்டின் சாமர்த்தியமே அதில்தான். 2021-இல் அவை கிளம்பியபோது பறவைகள் கம்பளிப்புழுவை விட்டுவிட்டு சிள்வண்டின் பின்னே போயின. ஓக் மரங்களில் புழு பெருகி, இலைகள் வழக்கத்தைவிட அதிகம் அரிபட்டன. பூச்சி மண்ணைவிட்டு எழுந்ததன் விளைவை மரம் அனுபவித்தது!

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்துச் சிள்வண்டு 4 வருஷத்துக்கு ஒருமுறை, உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் வருஷங்களில் சொல்லிவைத்தாற்போல வருகிறது. ஊர்க்காரர்கள் பந்தம் கொளுத்திப் பிடித்துச் சமைக்கிறார்கள்.

நம் ஈசலுக்கு வருஷக் கணக்கு இல்லை, மழைக் கணக்குத்தான். ஆனால் அதற்கொரு இடைஞ்சல் வந்துவிட்டது. 2011-இல் ஆனையூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்போது தெருவெல்லாம் விளக்கு. வெளிச்சத்துக்கு வரும் ஈசல் தார்ரோட்டில் விழுந்து, துளைக்க மண் கிடைக்காமல் சாகிறது. அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு மழை இரவிலாவது வாசல் விளக்கை அணைத்து வைக்கலாம்.

அன்று இருட்டியபின் டார்ச் அடித்துப் பார்த்தேன். இறக்கை உதிர்த்த இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாகக் கரைமேட்டில் ஊர்ந்தன. முன்னால் போனது பெண். ஈரமண்ணில் ஒரு வெடிப்பைக் கண்டதும் நின்று, தலையால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தது.