பட்டமும் களையும்

களை ஆண்டுதோறும் தானே வந்து சேரும் தொல்லை என்று உழவர் பலர் கருதுகின்றனர். உண்மையில், இவ்வாண்டு முளைக்கும் களைகளிற் பெரும்பாலானவை முன்னாண்டுகளில் அதே நிலத்தில் உதிர்ந்த விதைகளின் விளைவேயாகும். மழை எப்போது பெய்கிறது, நாம் எப்போது விதைக்கிறோம் என்னும் இரண்டையும் பொறுத்தே களையின் வலிமை அமைகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள தென்மாவட்டக் கரிசல் நிலங்களைக் கொண்டு இதனை விளக்குவோம்.

மழையும் முளைப்பும்

களை விதைகள் மிகச் சிறியவை. மேல் மண்ணில் ஓரிரு அங்குல ஆழத்தில் கிடப்பவையே பெரும்பாலும் முளைத்து வெளிவரும். நல்ல மழை பெய்ததும் ஒரு பகுதி முளைக்கிறது. எஞ்சியவை அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கின்றன. ஆதலால்தான் களையெடுத்த நிலத்தில் மீண்டும் களை தோன்றுகிறது.

இருவகை விதைப்பு

புரட்டாசியில், மழைக்கு முன்னரே, காய்ந்த மண்ணில் பருத்தியும் சோளமும் விதைப்பது ஒரு முறை. முதல் மழையின் ஈரம் வீணாகாமல் பயிருக்குக் கிடைப்பது இதன் நன்மை. ஆயினும் பயிரும் களையும் ஒருங்கே முளைக்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் கரிசலில் இறங்கிக் களையெடுக்க இயலாது. எனவே, பயிர் முளைத்த மூன்று வாரங்களுக்குள், மழை விட்டு மண் பதப்பட்டவுடன், முதற் களையை எடுத்துவிடுதல் வேண்டும்.

மழைக்குப் பின் விதைப்பது மற்றொரு முறை. முதல் மழைக்கு முளைத்த களைகளை ஒரு வாரம் சென்றபின் மேலாக உழுது அழித்து, உடனே விதைக்கலாம். ஆழ உழுதால் புதைந்து கிடக்கும் விதைகள் மேலே வந்துவிடும். காலந்தாழ்த்துவதும் தகாது; மார்கழியில் மழை ஓய்ந்தபின் பயிர் ஈரமின்றி வாடும். களை மிகுந்த புலங்களுக்கு இம்முறையும், களை குறைந்த புலங்களுக்கு முன்னதும் ஏற்றவை.

விதை உதிருமுன்

முதல் 45 நாட்கள் பயிரைக் களையின்றிக் காத்தால், பின்னர் முளைப்பவை பயிரின் நிழலில் மெலிந்து, சில விதைகளையே ஈனும். வரப்பிலும் சாலையோரத்திலும் புறம்போக்கிலும் அவற்றுக்குத் தடையில்லை. 1955இல் புனேயில் காணப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியம், முளைத்த நான்கைந்து வாரங்களிலேயே பூக்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேலும் உதிர்க்கவல்லது. ஐப்பசி மழைக்கு முளைத்த செடி கார்த்திகையிலேயே பூத்துவிடும் என்பதை நாம் மறத்தல் ஆகாது. விதை பிடித்த செடிகளை எருக்குழியில் இட்டால், அவ்விதை எருவோடு மீண்டும் வயலுக்கே வரும்.

கோரை பெரிதும் கிழங்கினால் பரவுவது. கோடையில் ஆழ உழுது கிழங்குகளை வெயிலிற் காயவிடுதல் அதற்கு ஏற்ற வழி.

ஊராட்சியின் கடமை

ஒருவர் தம் வயலைத் துப்புரவாக வைத்திருந்தும் பக்கத்துப் புறம்போக்கு பூத்துக் குலுங்கினால் பயனென்ன? மழைநீரும் கால்நடையும் விதையைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு நாளைக் குறித்து, ஊரார் அனைவரையும் கூட்டி, பொதுவிடங்களிலுள்ள பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பறிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். அச்செடி தோலில் அரிப்பை உண்டாக்குமாதலின் கையுறை அணிவது நலம். இவ்வாண்டு உதிராத விதை, வரும் ஆண்டுகளின் களையெடுப்புக் கூலியை நமக்கு மிச்சப்படுத்தும்.