கட்டண விருந்தும் கமத்தொழிலும்

விருந்து என்னுஞ் சொல் பண்டைத் தமிழிற் புதுமையைக் குறித்தது. பின்னர்ப் புதியராய் வந்தோர்க்கு ஆயிற்று. அவரிடம் பொருள் பெறுதல் தகுமோ என ஐயுறுவார் உளர். இத்தாலி நாட்டின் அனுபவம் இதற்கு விடை பகரும்.

இரண்டாம் உலகப் போரின் பின் அந்நாட்டு மலைப்புற உழவர் பலர் நிலத்தைக் கைவிட்டு நகரங்களை நாடினர். எஞ்சியோர் நிலத்தில் நிலைத்தற்பொருட்டே, பண்ணைகளிற் கட்டண விருந்தினரை ஏற்கும் முறையை 1985ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அதன் இடத்தைப் பெற்ற 2006ஆம் ஆண்டுச் சட்டமும் உழவே தலையாய தொழிலாதல் வேண்டுமென விதித்தது. விருந்தினர் பதின்மருக்கு மேற்படாவிடின் அவ்வாறே கொள்ளப்படும் என்றது.

மின்கம்பியும் குழாய்நீரும் எட்டாத பண்ணைக்கு இயற்கையே வரம்பிடும். 100 சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 600 மில்லிமீற்றர் மழை பெய்யின், கிடைப்பது மிகுதியாயின் 60,000 இலீற்றரே. ஒருவர் நாளொன்றுக்கு 50 இலீற்றர் செலவிடின், அது 1,200 ஆள்நாட்களுக்குப் போதும். இல்லத்தார் இருவர்க்கு 730 கழிய, விருந்தினர்க்கு எஞ்சுவது 470. ஞாயிற்றொளியாற் பெறும் மின்னும் அத்தகையதே. பகலிற் சேமித்த அளவே இரவிற்கு உண்டு.

ஆகவே, பொருள் பெறுதல் இழுக்கன்று. அளவு மறத்தலே இழுக்கு. அளவறிந்து அழைப்பவன் உழவனாய் நிலைப்பான். மறந்தவன் விடுதிக்காரனாய் முடிவான்.