கால்நடைப் பண்ணையும் ஜன ஆரோக்கியமும்

பாலும் முட்டையும் இறைச்சியும் எம்முறையில் உற்பத்தி செய்யப்பட வேண்டும் என்ற விவாதம் சில வருஷங்களாக நமது நாட்டில் வலுத்து வருகிறது. இயற்கை முறையில் வளர்த்த ஆடுமாடுகளும் கோழிகளுமே தேகத்திற்கு நன்மை தரும் என்று ஒரு கட்சியார் சாதிக்கின்றனர். பெருகிவரும் ஜனத்தொகைக்கு மலிவாக உணவளிக்க நவீனப் பண்ணை முறையைத் தவிர வேறு வழியில்லை என்பது எதிர்க்கட்சியாரின் வாதம். ஒருவரையொருவர் ஏளனம் செய்வதில் இரு கட்சியாரும் காட்டும் உற்சாகத்தைச் சாட்சியங்களைப் பரிசீலிப்பதில் காட்டக் காணோம். விஷயமோ ஒவ்வொரு வீட்டுக் குழந்தையின் பாலையும் சோற்றையும் பொறுத்தது. ஆகவே இவ்வாதங்களில் உண்மை எவ்வளவு என்பதைச் சிறிது நிதானமாக ஆராய விரும்புகிறோம்.

முதலில் சொற்களின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். கொல்லையில் திரியும் கோழியெல்லாம் சட்டப்படி இயற்கை முறைக் கோழியாகிவிடாது. ரசாயன உரமும் பூச்சிமருந்துமின்றி விளைந்த தீவனம், நடமாடப் போதிய இடம், மேய்ச்சல், வளர்ச்சிக்காக மருந்து ஊட்டாமை ஆகிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதற்குரிய அத்தாட்சியும் பெற்றதே இயற்கை முறை. நவீன முறையிலோ பிராணிகள் பெருந்தொகையாக ஒரே கொட்டகையில் அடைக்கப்பட்டு, கலப்புத் தீவனத்தால் துரிதமாக வளர்க்கப்படுகின்றன.

சத்து விஷயத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலுள்ள நியூகாஸில் சர்வகலாசாலையாரின் தலைமையில், பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2016-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, இயற்கை முறைப் பாலிலும் இறைச்சியிலும் ஒமேகா-3 என்னும் கொழுப்பமிலம் ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம். அம்மாடுகள் பச்சைப்புல்லை அதிகமாக மேய்வதே இதற்கு முக்கிய காரணம். ஆனால் அதே ஆராய்ச்சியில், அயோடின் சத்து சாதாரணப் பாலிலேதான் அதிகமென்றும் தெரியவந்தது. அன்றியும், பாலின் வாயிலாக ஒருவருக்குக் கிடைக்கும் ஒமேகா-3 சொற்பமே. ஆகையால் சத்தை மட்டும் காட்டி இயற்கை முறைக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறுவதற்கில்லை.

நோய்க்கிருமிகளின் விஷயம் வேறு. அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 2012-ல் வெளியிட்ட தொகுப்பாராய்ச்சியில், கடைகளில் விற்கும் கோழி, பன்றி இறைச்சிகளில் கிருமிகள் படிந்திருப்பது இருமுறைகளுக்கும் பொதுவென்றே கண்டார்கள். ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள், சாதாரண முறையில் வளர்த்தவற்றின் இறைச்சியிலேயே அதிகமாகக் காணப்பட்டன. இவ்வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

இந்த மருந்து தீவனத்தொட்டிக்கு வந்து சேர்ந்த வரலாறு அறியத்தக்கது. அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டாக்ஸ்டாட், ஜூக்ஸ் என்னும் இருவர், ஆரியோமைஸின் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டினால் அவை விரைவாக எடை கூடுகின்றன என்று 1950-ல் அறிவித்தனர். நோயில்லாத பிராணிகளுக்கும் தினந்தோறும் சிறிதளவு மருந்தைத் தீவனத்தில் கலந்து ஊட்டும் வழக்கம் இதிலிருந்து உலகெங்கும் பரவிற்று. பென்ஸிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை லாபத்தின் இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. வைத்தியத்தில் மனிதருக்கு உபயோகமாகும் மருந்துகளைப் பிராணிகளின் வளர்ச்சிக்காக ஊட்டலாகாது என்று 1969-லேயே பிரிட்டனில் ஸ்வான் கமிட்டி சிபார்சு செய்தும், அது பூரணமாக நிறைவேறவில்லை.

இவ்வழக்கத்தை விட்டால் பண்ணைத் தொழில் நசித்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் டென்மார்க்கின் அனுபவத்தைக் கவனிப்பார்களாக. பன்றி வளர்ப்பைப் பெருந்தொழிலாகக் கொண்ட அந்நாடு 1995-ல் அவோபார்சின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலப்பதைத் தடுத்தது. 1999-ன் இறுதிக்குள் வளர்ச்சிக்காக மருந்து ஊட்டுவதையே அறவே நிறுத்திற்று. பால் மறந்த பன்றிக்குட்டிகளிடையே சில காலம் கழிச்சல் நோய் அதிகரித்ததும், அதற்காகச் சிகிச்சை மருந்து கூடுதலாகச் செலவானதும் உண்மையே. எனினும் மொத்தத்தில் மருந்தின் உபயோகம் வெகுவாகக் குறைந்தது; பன்றி உற்பத்தியோ குறையவில்லை. ஐரோப்பிய யூனியன் முழுவதும் 2006-ல் இத்தடையை மேற்கொண்டது. அமெரிக்காவும், மனித வைத்தியத்திற்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காக ஊட்டும் வழக்கத்தை 2017-ல் முடிவுக்குக் கொண்டுவந்தது.

ஆசியாவிலும் பாடத்திற்குக் குறைவில்லை. வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத நோயாளிக்குக் கடைசி ஆயுதமாக வைத்தியர்கள் வைத்திருக்கும் மருந்து கொலிஸ்டின். அதை எதிர்க்கும் ஆற்றல் ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குத் தாவக்கூடியதென்பது 2015-ல் சீனாவில் பன்றி, கோழி முதலியவற்றை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது. சீனா 2017-ல் வளர்ச்சிக்காக அதைத் தீவனத்தில் சேர்ப்பதை நிறுத்திற்று. நமது மத்திய சர்க்கார் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுப்பதையே தடைசெய்தனர். இச்செய்கை பாராட்டத்தக்கது. ஆயினும் ஒரு மருந்தைத் தடுப்பதோடு கடமை தீர்ந்துவிடவில்லை.

இவ்வளவும் கூறியதனால் இயற்கை முறையார் ஆனந்தக் கூத்தாட வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தார் 2018-ல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தனர். ஆண்டிபயாடிக் மருந்து வரம்புக்கு மேல் இருந்தவை 77. பூசணத்தால் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் என்ற விஷம் வரம்பு மீறி இருந்தவையோ 368. இதில் தமிழ்நாடு முதலிடம் பெற்றது நமக்குத் தலைகுனிவு. இங்கு எடுத்த 551 மாதிரிகளில் 88 அவ்விதம் கெட்டிருந்தன. ஈரம் படிந்த கடலைப்பிண்ணாக்கும் சோளமும் பூசணம் பிடித்தால், அவை எருவிட்டு விளைந்தவையா யூரியாவிட்டு விளைந்தவையா என்று பூசணம் விசாரிப்பதில்லை. தீவனத்தை உலர்ந்த இடத்தில் வைத்துக் காப்பதே இதற்குப் பரிகாரம்.

மற்றொரு சங்கடமும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி ஒருமுறை ஆண்டிபயாடிக் கொடுத்த மாடு இயற்கை முறை என்ற தகுதியை நிரந்தரமாக இழக்கிறது. அத்தகுதியைக் காப்பதற்காகச் சிகிச்சையை மறுக்கலாகாதென்றும் அதே சட்டம் விதிக்கிறது. ஆயினும் நஷ்டத்திற்கு அஞ்சி வைத்தியத்தைத் தள்ளிப்போடத் தூண்டுதல் இருக்கவே செய்யும். ஐரோப்பிய விதி நியாயமானது: நோயுற்ற பிராணிக்கு மருந்தை அனுமதித்து, அதன் பாலையும் இறைச்சியையும் இருமடங்கு காலம் விலக்கி வைக்கச் சொல்கிறது.

நமது நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளில் 2012-ல் செய்த திருத்தம், மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் கழித்து அப்பிராணி தரும் உணவை விற்கலாம் என்பதைச் சீட்டில் குறிக்க வேண்டுமென்கிறது. அவ்விதம் குறிக்காதபோது பாலுக்கும் முட்டைக்கும் 7 நாட்கள், இறைச்சிக்கு 28 நாட்கள் என்றும் வரையறுத்திருக்கிறது. விதி தெளிவாயிருக்கிறது. ஆனால் கொட்டகையில் நின்று அந்நாட்களை எண்ணுவோர் யார்? கணக்கேடு இல்லாத இடத்தில் விதி ஏட்டுச் சுரைக்காயே.

இதில் குடியானவரை மட்டும் குறை கூறுவது அநியாயம். பல்லடம் முதலிய பிரதேசங்களில் பிராய்லர் கோழி வளர்ப்போரில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தின் பேரில் வளர்ப்பவர்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுப்பவை. அவர்கள் பெறுவது வளர்ப்புக் கூலி. தீவனத்தில் என்ன கலந்திருக்கிறதென்று அறியாதவர்மீது பழியைச் சுமத்துவதைக் காட்டிலும், கலந்து கொடுத்தவரைப் பொறுப்பாளியாக்குவதே நீதிக்கு ஒத்தது.

அத்தாட்சி பெற்ற பாலையும் முட்டையையும் அதிக விலை கொடுத்து வாங்கக்கூடியவர்கள் சிலரே. பணம் படைத்தவருக்கு மருந்தில்லாத உணவு, ஏழைக்கு மருந்து கலந்த உணவு என்று சுயராஜ்ய நாட்டில் இரண்டு நியாயங்கள் இருக்கலாகாது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியும் ஏழை வீட்டோடு நின்றுவிடுவதில்லை. கால்நடை வைத்தியரின் சீட்டின்றி ஆண்டிபயாடிக் விற்பனையைக் கண்டிப்பாகத் தடுத்தல், கம்பெனிகளும் பெரும் பண்ணைகளும் மருந்துக் கணக்கு வைக்கும்படி செய்தல், பரிசோதனை முடிவுகளை ஜில்லாவாரியாக வருஷந்தோறும் வெளியிடுதல், சிறு பண்ணையாளருக்குத் தடுப்பூசியும் சுத்தமான கொட்டகையும் உலர்ந்த தீவனக் கிடங்கும் அமைத்துக்கொள்ள உதவி செய்தல் ஆகியவையே இன்று வேண்டியவை. இயற்கை முறை வளரட்டும். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் நாட்டில் பெரும்பாலோர் உண்பது சாதாரணப் பண்ணைகளின் உணவே. அதைச் சுத்தமாக்கும் பொறுப்பைச் சர்க்கார் இனியும் தட்டிக்கழிக்கலாகாது. சட்டசபையில் அங்கத்தினர்கள் இதைப் பற்றிக் கேள்வி கேட்கும்படி செய்வது பொதுஜனங்களாகிய நமது கடமை.