அருவி காட்டும் அறிகுறிகள்

மலையும் அருவியும் இயற்கையன்னை நம் நாட்டிற்கு வழங்கிய அருஞ்செல்வங்களாகும். பள்ளி விடுமுறை வந்துவிட்டால், நான்கைந்து குடும்பங்கள் ஒன்றுகூடி வேன் அமர்த்தி, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு அருவிகளைக் காணச் செல்வது தோட்ட மக்களாகிய நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வாறு செல்வோர் அருவியின் அழகோடு அதன் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பேராக் மாநிலத்தின் தாப்பா வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் செல்லும்போதே, பச்சை மலைச்சரிவில் வெள்ளை வேட்டியை உலர்த்தியதுபோல் ஓர் அருவி தொலைவில் தோன்றும். அதுவே செண்டிரியாங் அருகிலுள்ள லாத்தா கிஞ்சாங். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் வளைவுகள் பல கடந்தால், சாலையோரத்திலேயே லாத்தா இஸ்கண்டார் நம்மை வரவேற்கும். அங்குள்ள கடைகளில் பூர்வகுடி மக்களின் கைவினைப் பொருள்களும் பெத்தாய்க் காயும் கிடைக்கும்.

இவ்விரு அருவிகளும் தித்திவங்சா மலைத்தொடரில் பிறப்பவை. அம்மலைத்தொடரின் பெரும்பகுதி கருங்கல்லால் ஆனது. கடினமான அக்கல்லை ஆறு விரைவில் அரித்துவிட இயலாது. ஆகவே, செங்குத்தான சரிவுகளில் நீர் பாறைமீது வழிந்து, படிப்படியாகக் குதித்து இறங்குகிறது. மழையில்லா நாளிலும் அருவி வற்றாதிருப்பதற்குக் காரணம், காட்டு மண் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கசிய விடுவதே.

எனினும், மலையுச்சியில் கனமழை கொட்டினால் நிலைமை மாறிவிடும். நம் லயத்து வீட்டுக் கூரையை நினைத்துப் பாருங்கள். கூரை முழுவதும் பரவலாக விழும் மழை, பீலியின் வாயில் ஒரே தாரையாகப் பாய்கின்றதன்றோ? அதுபோலவே, பரந்த மலைச்சரிவுகளில் பெய்யும் மழை யாவும் ஒரு குறுகிய ஓடையில் வந்து சேர்கின்றது. சில வேளைகளில் சாய்ந்த மரங்கள் ஓடையை அடைத்து நீரைத் தேக்கும். அவ்வடைப்பு உடைந்தால் வெள்ளம் சுவர்போல் பாய்ந்து வரும். இதனை மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயர்' என்பர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், கெடா மாநிலம் குனோங் ஜெராய் மலையிலிருந்து இவ்வாறு இறங்கிய வெள்ளம் உயிர்களைப் பலிகொண்டது.

நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம்; ஆயினும் மேலே மழை பெய்துகொண்டிருக்கலாம். இதுவே நாம் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை. வெள்ளம் வருமுன் சில அறிகுறிகள் தோன்றலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும். சருகும் சுள்ளியும் மிகுதியாக மிதந்து வரும். நீர்மட்டம் உயரும். மேலிருந்து இரைச்சல் கேட்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி, மேட்டு நிலத்திற்குச் சென்றுவிட வேண்டும். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடலாகாது. காலணிக்காகவும் சோற்றுப் பானைக்காகவும் திரும்பிச் செல்லலாகாது. அறிகுறி எதுவும் இன்றியும் வெள்ளம் வரக்கூடும். ஆதலால் மலையுச்சி கறுத்திருந்தால் நீரில் இறங்காமலிருப்பதே நன்று.

பெற்றோர்களே! பிள்ளைகள் நீராடும்போது பெரியவர் ஒருவர் கரையிலிருந்து மேற்புறத்தைக் கண்காணித்தல் நலம். ஆற்றின் நடுவிலுள்ள பாறையில் பாய்விரித்து உண்பதைத் தவிர்ப்போம். பிற்பகலில் மலைகளில் இடியும் மழையும் மிகுதியாதலால், காலையிலேயே சென்று திரும்புவோம். எச்சரிக்கைப் பலகைகளை மதிப்போம்.

பால்மரம் சீவச் செல்வோர் விடியலில் வானத்தை நோக்கியே அன்றைய வேலையைக் கணிப்பர். அந்த அறிவு அருவிக்கரையிலும் நமக்குத் துணைநிற்கட்டும். அழகைக் கண்டு மகிழ்வோம். அனைவரும் நலமாக இல்லம் திரும்புவோம்!